மூடித் திறந்த நெருப்பு

சோழிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்ற செய்தி தூத்துக்குடிக்கு எட்டியபோது அங்கே பொழுது விடிந்துகொண்டிருந்தது. அமலியின் அம்மா அதற்காகவே விழித்திருந்தவள் போல உடனே அழைத்தாள்.

“ஏட்டி, பிள்ள எந்திச்சி உக்காந்துட்டாளாமே?”

“ஆமம்மா. ரெண்டு துண்டு கொழுப்பு தின்னா. இப்ப அவ ஆத்தா மடியில கெடக்கா.”

“மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்தியிருந்தேன். வீண்போவல பாரு.”

அந்தப் பிள்ளை செத்து மண்ணாகி நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்று அமலி அம்மாவிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது தெரியாமலும் இல்லை. தெரிந்துதான் மெழுகுதிரி ஏற்றினாள். உலகத்தில் பாதிப்பேர் அப்போது அப்படித்தான் இருந்தார்கள்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில், நிலம் துண்டு துண்டாக உடைந்து கடலுக்குள் இறங்கும் இடத்தில், ஒரு கூழாங்கல் கரைக்கு மேலே நோக்ககம் இருந்தது. அதன் ஒரு சுவர் முழுவதும் நாழிகைச் சாளரம். அப்படிப்பட்ட சாளரங்கள் உலகில் ஏழெட்டுதான் உண்டு. நினைத்த இடத்தில் அமைக்க முடியாது; பாறைக்குள் காலம் மடிந்து கிடக்கும் இடமாக வாய்க்க வேண்டும். நினைத்த காலத்தைப் பார்க்கவும் முடியாது. மடிப்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவு தொலைவுதான் தெரியும். ஒரு சாளரம் அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் பார்க்கும், இன்னொன்று மூவாயிரம். இந்தக் கரையின் சாளரம் பார்த்தது ஐந்நூற்று இருபது ஆண்டுகளுக்கு அப்பால். அந்தத் தொலைவு கூடாது, குறையாது. இங்கே ஒரு நாள் கழிந்தால் அங்கேயும் ஒரு நாள் கழியும். இங்கே அந்தி என்றால் அங்கேயும் அந்தி. காட்சி மட்டும் வரும். ஒலி வராது. அந்தக் காட்சிதான் உலகமெங்கும் வீடுகளில் ஓடும்.

அமலி அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வந்த முதல் வாரமே அவள் கண் ஒரு பெண்மேல் நின்றுவிட்டது. தீவுகளுக்கு இடையே ஓடும் அந்தக் கடற்கால்வாய்களில், ஓடத்திலேயே பிறந்து ஓடத்திலேயே வாழ்ந்த மக்களில் ஒருத்தி. துடுப்புப் போட்டது அவள். கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடற்பாசிக் கொடியில் ஓடத்தைக் கட்டியதும் அவள். உடம்பெல்லாம் கடல்நாய்க் கொழுப்பைப் பூசிக்கொண்டு, கூடையின் பிடியைப் பல்லில் கவ்வியபடி, எலும்பை உறையவைக்கும் தண்ணீருக்குள் குதித்துச் சிப்பி அள்ளி வந்ததும் அவளே. அவள் புருஷன் ஈட்டியோடு முனையில் நின்றான். ஓடத்தின் நடுவில் களிமண்ணும் மணலும் பரப்பிய மேடைமேல் நெருப்பு எரிந்தது. அந்த மக்கள் நெருப்பை அணைய விடுவதில்லை. மழையோ புயலோ, குடும்பம் போகும் இடத்துக்கெல்லாம் நெருப்பும் கூடவே பயணம் போகும்.

நோக்ககத்தில் அந்தப் பெண்ணுக்கு ஓர் எண் இருந்தது. அமலி அவளைச் ‘சிப்பி’ என்றாள். ஓர் ஆண்டு கழித்துச் சிப்பிக்குப் பிறந்த மகளைச் ‘சோழி’ என்றாள். இரண்டு பெயர்களும் உலகமெங்கும் பரவிவிட்டன. ஜப்பானில்கூட அவர்கள் சிப்பி, சோழிதான்.

அமலியின் குடும்பப் பெயர் பர்னாந்து. அவள் முன்னோரும் மூச்சடக்கிக் கடலடிக்குப் போனவர்கள். முத்துக்குளித்தவர்கள். ஒரு காலத்தில் அவர்கள் கரைக்கும் பறங்கியர் கப்பல் வந்தது. அதன் பிறகுதான் அவர்கள் பர்னாந்து ஆனார்கள். அதற்கு முன்னால் என்னவாக இருந்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் அமலி கேட்டபோது அப்பா சிரித்தார். “கடல்ட்ட கேளு” என்றார். தூத்துக்குடிக் கரையில் மடிந்த பாறை எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாளோ என்னவோ. அவளே அதை யோசித்துப் பார்த்ததில்லை. 

சிப்பியைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். இடது தோளில் இருக்கும் தழும்பு தெரியும். சோழியை எந்தப் பக்கம் சாய்த்து உறங்க வைப்பாள் என்று தெரியும். பெயர் மட்டும் தெரியாது. இரண்டாம் ஆண்டில் ஓர் அந்தியில் சிப்பி கரையேறி, சாளரத்துக்கு நேர் எதிரே நின்று, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து ஏதோ சொன்னாள். உதடுகள் ஒருமுறை குவிந்தன, ஒருமுறை ஒட்டிப் பிரிந்தன. உதடுபடிப்பி எந்திரத்தில் அந்தக் காட்சியைப் போட்டால் அது நூறு சொற்களைச் சொல்லும், ஒன்றும் நிச்சயமில்லை என்று முடிக்கும். அமலி கண்ணாடி முன்னால் நின்று அந்த உதட்டசைவைச் செய்து பார்த்திருக்கிறாள். வாயிலிருந்து வந்தது வெறும் காற்று.

*

“அக்கா, கொள்ளிவாய்ப் பிசாசு வந்துருச்சுங்க,” என்று நவநீதன் சமையலறைச் சன்னலிலிருந்து குரல் கொடுத்தான். அவன் கோபிசெட்டிப்பாளையத்துக்காரன், சாளரத்தின் பொறியாளன். அந்தி சாயும்போது, வெளியே கரையில், கூழாங்கற்களுக்கு மேலே ஆள் உயரத்தில் ஒரு வெளிறிய ஒளித்திட்டு தெரியும். சாளரத்திலிருந்து தெறிக்கும் ஒளிதான் அது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. நவநீதன் தினமும் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய் அதன் காலடியில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு வருவான்.

“பிசாசுக்குச் சக்கர எவ்வளவு?” என்றாள் அமலி.

“ரெண்டு கரண்டிங்க. எதுக்கும் நல்லபடியா வெச்சுக்குவோம். நாளைக்கு நம்ம பக்கமே திரும்பிருச்சுன்னா?”

அவன் விளையாட்டாகச் செய்ததை மறுபக்கத்தில் ஒருத்தி விளையாட்டில்லாமல் செய்துகொண்டிருந்தாள். அது போன ஆண்டுதான் தெரிந்தது.

சாளரம் தானாகத் திறந்து நிற்காது. மடிப்புக்குள் ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தூண்டொளி என்று பெயர். அதில் ஒரு துளியும் அந்தப் பக்கம் கசியாது என்றுதான் அமைத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். போன ஆண்டு தூண்டொளி பழுதாகி ஒருநாள் முழுவதும் சாளரம் இருண்டு கிடந்தது. மறுபடி எரிந்தபோது சிப்பி சாளரத்தின் முகத்துக்கு நேராக நின்றிருந்தாள். காற்றைத் தடவித் தேடிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. முகம் மலர்ந்தது. இடுப்புக் கூடையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துக் கீழே வைத்தாள்.

அன்றுதான் அமலிக்குப் புரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அவள் கரையேறும்போதெல்லாம் அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போன சிப்பிகள் மறந்துவிட்டுப் போனவை அல்ல. நெஞ்சில் கைவைத்துச் சொன்னது காற்றிடம் அல்ல. தூண்டொளி கசிந்து, அந்தக் கரையில் தினமும் அந்தியில் ஒரு வெளிச்சமாக நின்றிருக்கிறது. அவள் அதை அண்டை வீட்டு நெருப்பு என்று எண்ணி, வருகிறபோது ஒரு வாய் உணவு வைத்து, தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டிருக்கிறாள்.

தூண்டொளியை அணைத்துவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அணைத்தால் யாராலும் பார்க்க முடியாது. கோடிக்கணக்கான வீடுகளில் அந்திக் காட்சிக்காகக் காத்திருக்கும் மக்கள் இருந்தார்கள். அணைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்த முடிவுக்கு அமலியும் கைதூக்கினாள்.

*

அந்த ஆண்டின் வசந்தத்தில்தான் முதல் ஐரோப்பியக் கப்பல்கள் அந்தக் கரைக்கு எதிரே இருக்கும் நீர்வழிக்குள் நுழைய வேண்டும். பாடநூலில் இருக்கும் செய்தி அது. சாளரம் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதலே எல்லாருக்கும் தெரிந்த செய்தியும் அதுதான். நகரங்களில் நாளைக் குறைத்துக் காட்டும் பலகைகள் வைத்தார்கள். ‘வருகைநாள்’ என்று சிலர் விழாவைப் போலப் பேசினார்கள், சிலர் துக்கத்தைப் போல. நோக்ககத்தின் வேலிக்கு வெளியே கூடாரங்கள் முளைத்தன.

அமலி ஒரு பிற்பகலில் நோக்ககத் தலைவர் ரமிரோவின் அறைக்குப் போனாள். ரமிரோவின் தாய் வழியினர் இதே கால்வாய்களில் ஓடம் விட்டவர்கள். அவர் பேசுவது ஸ்பானியம். காதில் மாட்டியிருக்கும் காதுமொழிக் கருவி அதை அமலிக்குத் தமிழாக்கிச் சொல்லும். அந்தக் கருவி எல்லாரையும் செய்தி வாசிப்பவர்களாக்கிவிடும்.

“பதினோரு வருசமா ஒரு வெளிச்சம் அங்க நிக்குது,” என்றாள் அமலி. “அடிக்கல, கடிக்கல, ஒண்ணையும் எடுத்துட்டுப் போவல. வெளிச்சம்னா நல்லதுன்னு நம்பியே சோழி வளந்துட்டா. இப்ப கப்பலு வெளக்கோட வரும். அவ ஓடுவா. ஆனா கப்பலப் பாத்துல்லா ஓடுவா.”

ரமிரோ சன்னலுக்கு வெளியே பார்த்தார். “முதல் கப்பல்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யவில்லை. கடந்து சென்றன.”

“அதுக்குப் பொறவு வந்ததுங்க?”

 அதற்குப் பிறகு வந்தவை அம்மை, துப்பாக்கி, சாராயம், ஆட்டுப்பண்ணைகளின் வேலி. நிதானமாக, சில நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு வந்தன.

“வெளிச்சத்தப் பாத்தா ஒளியணும்னு மட்டும் அவங்க கத்துக்கிட்டாப் போதும்,” என்றாள் அமலி. “தாய் பிள்ளைக்குச் சொல்லும். அந்தப் பிள்ள அதோட பிள்ளைக்குச் சொல்லும். நாம பயங்காட்டுவோம்.”

 அறை மூலையில் அடுப்பின்மேல் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

“நடந்ததை மாற்ற இயலுமா என்பது எனக்குத் தெரியாது,” என்றது காதுமொழியில் ரமிரோவின் குரல். “ஒன்றும் செய்யாவிட்டால் என்ன நிகழ்ந்தது என்பது தெரியும். என் தாயின் மக்களில் அந்த மொழியில் கனவு காண்பவர் இன்று ஒருவரும் இல்லை. நான் உங்களிடம் ஸ்பானியத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன்.”

“மாறிட்டா நீங்க இருக்க மாட்டீங்களோ என்னமோ.”

“அவ்வாறு நிகழ்ந்தால் தயவுசெய்து அடுப்பை அணைத்துவிடுங்கள்,” என்று ரமிரோ எழுந்தார். “கொதித்துக்கொண்டிருக்கிறது.”

எப்படிப் பயமுறுத்துவது என்பதில் சிக்கல் இருந்தது. அணைத்து அணைத்துப் போட்டால் சாளரமே கெட்டுவிடும் என்றான் நவநீதன். “வெளக்கு எரியட்டுங்க. முன்னால ஒரு தகட்ட வெச்சு மூடித் தொறப்போம். மூடினா இருட்டு, தொறந்தா வெளிச்சம். சும்மா நின்னுட்டிருந்த வெளக்கு திடீர்னு கண்ணச் சிமிட்டுனா எவனா இருந்தாலும் எடுப்பான் ஓட்டம்.”

“நீ ஓடுவியா?”

“நான் டீய வெச்சுப்போட்டு ஓடுவேனுங்க.”

தகட்டின் பிடியை அமலியே பிடித்தாள். வேறு யாரும் அதைச் செய்வதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்தி வந்தது. சிப்பி ஓடத்தைக் கொடியில் கட்டிவிட்டு நீந்திக் கரையேறினாள். கூடையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துக் குனிந்தாள்.

அமலி மூடினாள். திறந்தாள். மூடினாள்.

தகடு மூடும்போது சாளரமும் இருண்டது. அதனால் தான் பயமுறுத்தும் முகத்தை அவளே விட்டு விட்டுத்தான் பார்க்க முடிந்தது. குனிந்த முகம். இருட்டு. நிமிர்ந்த முகம். இருட்டு. அகன்ற கண்கள். இருட்டு. அடுத்த முறை திறந்தபோது சிப்பி திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, ஏதோ கத்தியிருக்க வேண்டும். ஓடத்தில் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சோழி எழுந்து நின்றாள். துடுப்புகள் தண்ணீரைக் கிழித்தன. ஓடம் முனையைச் சுற்றி மறைந்தது.

வைக்க எடுத்த சிப்பி கற்களுக்கிடையே விழுந்து கிடந்தது.

நவநீதன் அமலியின் தோளைத் தொட்டான். வேலிக்கு வெளியே கூடாரங்களில் கைதட்டல் எழுந்தது. அம்மா அழைத்தாள். “போய்ட்டாளாட்டி? நல்லதுட்டி. எங்கயாச்சும் போய் நல்லாருக்கட்டும்.” பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அமலி மூடித் திறந்தாள். கரையில் யாரும் வரவில்லை. வெறும் கல், வெறும் நீர், மேலே நகரும் மேகம். பதினோரு ஆண்டுகளில் அவள் அந்தச் சாளரத்தில் இவ்வளவு வெறுமையைப் பார்த்ததில்லை. நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வோர் அந்தியிலும் முனையின் பக்கமே கண் போயிற்று. ஒரே ஒருமுறை, தூரத்தில், ஓடத்தின் புகையாவது தெரியாதா என்று.

*

அது தெரிந்தது. ஒரு புகை அல்ல.

முனையைச் சுற்றி முதலில் வந்தது சிப்பியின் ஓடம். அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் கால்வாய் முழுவதும் ஓடங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் நெருப்பு. பதினோரு ஆண்டுகளில் சாளரத்தில் ஒருமுறைகூடத் தெரியாத முகங்கள். தொலைதூரத் தீவுகளின் மக்கள். முகத்தில் வெள்ளைக் களிமண் கோடுகள் இட்டிருந்தார்கள். குழந்தைகள் சிரித்துக்கொண்டே வழுக்கும் கற்களில் குதித்து இறங்கினார்கள்.

“என்னுங்க்கா இது, திருவிழாவுக்கு வர்றாப்ல வர்றாங்க?” என்றான் நவநீதன்.

அமலி அவர்கள் கைகளைப் பார்த்தாள். பெண்களின் கைகளில் வெறுங்கூடைகள். ஆண்களின் கைகளில் புதிதாகத் தீட்டிய சிப்பியோட்டுக் கத்திகள். அவை போருக்கான கத்திகள் அல்ல. தோலும் கொழுப்பும் அறுப்பவை. அவள் முன்பு ஒருமுறை இவ்வளவு கத்திகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள்.

மூன்றாம் ஆண்டு. தூறலாக இருந்த ஒரு நாள். எதிர்க்கரையில் ஒருவன் நெருப்பின்மேல் கடல்நாய்த் தோலைப் போட்டு மூடினான், எடுத்தான், மறுபடி மூடினான். புகை உருண்டை உருண்டையாக எழுந்தது. மழைக்கு நெருப்பைக் காப்பாற்றுகிறான் என்று அமலி அன்று முடிவு கட்டினாள். சற்று நேரத்தில் எல்லா ஓடங்களும் கத்தி ஏந்திய ஆட்களோடு சாளரத்தின் வலப்பக்க விளிம்பைத் தாண்டி விரைந்து போயின. பல நாள் கழித்து ஓடம் அமிழும் அளவுக்குத் திமிங்கலக் கறியோடு திரும்பி வந்தன. தூறலும் கறியும் வெவ்வேறு நாட்களில் நடந்தவை. ஒலியில்லாத காட்சியில் அவள் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

“நெருப்ப மூடித் தொறந்தா வான்னு அர்த்தம்,” என்றாள் அமலி.  “திமிங்கலம் கரை ஒதுங்கியிருக்கு, ஒத்தக் குடும்பம் தின்னு தீக்க முடியாது, எல்லாரையும் கூட்டிட்டு வான்னு அர்த்தம். அன்னைக்கி அவ பயந்து ஓடலடா. விருந்துக்குச் சொந்தக்காரங்களக் கூப்பிட ஓடிருக்கா.”

ரமிரோ வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காதுமொழி அவருக்கு அவள் சொன்னதை ஸ்பானியத்தில் முணுமுணுத்து முடிக்கும்வரை அசையவில்லை. “எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்,” என்றார். “எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.”

கரையில் அவர்கள் திமிங்கலத்தைத் தேடினார்கள். முனைவரை நடந்து பார்த்தார்கள். கிடைக்காதபோதும் கலைந்து போகவில்லை. அழைத்த நெருப்பு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. சிப்பி அதைச் சுட்டிக்காட்டிப் பேசினாள். நல்ல அண்டைவீட்டாரின் நெருப்பு, பொய் சொல்லாது என்றுதான் சொல்லியிருப்பாள். அவர்கள் உட்கார்ந்தார்கள். குடில் போட்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய் ஒளியின் கீழே எதையாவது வைத்தார்கள். சிப்பி, பறவை முட்டை, ஒரு குழந்தை தன் கழுத்து மணி. கடலைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

வேறெந்த ஆண்டாக இருந்தாலும் அந்த வாரம் அந்தக் கரையில் ஓர் ஓடம் இருந்திருக்கும். அல்லது அதுவும் இருந்திருக்காது.

கப்பல்கள் அந்தியில் வந்தன. முனைக்கு அப்பால் முதலில் ஒரு பாய்மரத்தின் உச்சி தெரிந்தது, பிறகு கருத்த, பெரிய, மெல்ல நகரும் உடல். கரையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சோழிதான் முதலில் துள்ளிக் குதித்தாள். எத்தனையோ நாள் காத்திருந்தது வந்தேவிட்டது. இவ்வளவு பெரிய திமிங்கலத்தை யாரும் பார்த்ததில்லை. அதன் முதுகில் விளக்கும் இருந்தது. அழைத்த அண்டைவீட்டாரும் அதோடு வருகிறார்கள்.

கரை நெடுக நெருப்பு மூட்டினார்கள். ஓடங்களின் நெருப்பையும் இறக்கி வளர்த்தார்கள். குன்றுகளில் ஏறி அங்கேயும் மூட்டினார்கள். நீர்வழியின் ஒரு பக்கம் முழுவதும் செந்நிறமாயிற்று. சோழி தன் நெருப்பின் மேல் கடல்நாய்த் தோலைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். அமலியின் கை எந்த வேகத்தில் தகட்டை மூடித் திறந்ததோ அதே வேகம்.

கப்பல்கள் கரைக்கு வரவில்லை. கப்பல் விளிம்பில் மனிதர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். யாரும் கையசைக்கவில்லை. அவ்வளவு தொலைவில் அவர்கள் காதில் ஒரு குரலும் விழுந்திருக்காது. சாளரத்துக்கு முன்னால் தாங்கள் நிற்பதும் இப்படித்தான் என்று அமலிக்குத் தோன்றியது. அவர்கள் பார்த்தார்கள். பெயர் வைத்தார்கள். போனார்கள்.

நெருப்பு நிலம். அந்தப் பெயர் இன்றும் எல்லா நிலப்படங்களிலும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் அமலி அதைப் படித்து, தென்கோடியில் சிவப்பு மை தீட்டியிருக்கிறாள். குளிருக்கு மூட்டிய நெருப்பு என்று டீச்சர் சொன்னார்.

விளக்கு கண்ணுக்கு மறையும்வரை சோழி தோலைப் போடுவதையும் எடுப்பதையும் நிறுத்தவில்லை. மறுநாள் பல ஓடங்கள் வெறுங்கூடைகளோடு திரும்பிப் போயின. சிப்பியின் குடும்பம் போகவில்லை. மேட்டில் ஒரு நெருப்பை நிலையாக வைத்துக்கொண்டு, அந்தி தோறும் மூவரும் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னால் அந்த மக்கள் யாருக்காகவும் ஒரே இடத்தில் காத்திருந்ததில்லை. இனி வரப்போகும் கப்பல்கள் எப்போது வந்தாலும், காத்திருக்கும் முகங்களைப் பார்க்கும். அமலி அஞ்சக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். அவர்கள் ஏங்கக் கற்றுக்கொண்டார்கள். அதைச் சொல்லிக்கொடுக்கத் தன்னைவிடத் தேர்ந்தவள் வேறு யார் என்று நினைத்துக்கொண்டாள்.

“அணைச்சிருவோம்,” என்றாள்.

ரமிரோ தலையசைத்தார். நவநீதன் தூண்டொளியை நிறுத்தினான். சுவர் வெறும் கறுப்புப் பாறையாயிற்று.

அம்மா அழைத்தாள். “ஏன்ட்டி வெளக்க அணச்சிய?”

“பாத்தது போதும்மா.”

“அவ தேட மாட்டாளா?”

அமலி போனைக் காதோடு வைத்தபடி கறுத்த சுவரைப் பார்த்தாள். அம்மாவும் தொடர்பைத் துண்டிக்கவில்லை. 

*

கூடாரங்கள் கலைந்தன. நோக்ககத்தை மூடுவதற்கான வேலைகள் நடந்தன. அமலி மூட்டை கட்டி வைத்திருந்தாள். கடைசி நாளின் அந்தியில் நவநீதன் பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் டீயோடு வெளியே போனான். போனவன் கல்லின்மேல் டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

“அக்கா,” என்று கூப்பிட்டான். குரலில் விளையாட்டு இல்லை. “கொஞ்சம் வெளிய வாங்க.”

அவள் வாசலுக்கு வந்தாள். கூழாங்கற்களுக்கு மேலே, ஆள் உயரத்தில், அந்த வெளிறிய ஒளித்திட்டு நின்றுகொண்டிருந்தது.

“நம்ம வெளக்குல இருந்துதான் இது தெறிக்குதுன்னாங்க,” என்றான் நவநீதன். “நம்ம வெளக்க அணச்சு வாரமாச்சுங்க.”

 எல்லாம் அமலிக்கு ஒரே கணத்தில் தெரிந்துவிட்டது. பாறையின் மடிப்பு ஒரு பக்கம் மட்டும் திறப்பதாக யாரும் நிரூபித்ததில்லை. இன்னும் ஐந்நூற்று இருபது ஆண்டுகள் கழித்து இதே மேட்டில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை ஆண்டுகளாகவோ. அமலிக்கு அவள் ஒரு பெயர் வைத்திருப்பாள். தினமும் டீ கொண்டுவரும் இவனுக்கும் ஒன்று. அவள் ஊரில் யாரோ ஒரு தாய் அமலிக்காக விளக்கு ஏற்றக்கூடும். இந்தக் கரைக்கு எந்த நாளில் என்ன வரும் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஒளி அணைந்தது.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

“கூப்பிடறாங்களா, போவச் சொல்றாங்களா?” என்றான் நவநீதன்.

அங்கே யாரோ ஒருத்தி தகட்டின் பிடியைப் பிடித்திருக்கிறாள்.  ஓடிப்போ என்கிறாள். தெளிவாக, தன் அன்பையெல்லாம் திரட்டி, அதைத்தான் சொல்கிறாள். எதிலிருந்து ஓடுவது, எந்தப் பக்கம் ஓடுவது, எத்தனை நாள் இருக்கிறது, ஒன்றும் ஒலியில்லாத அந்த வெளிச்சத்தில் இல்லை. கடலில் எதுவும் தெரியவில்லை. வானம் வழக்கம்போல நரைத்திருந்தது.

அமலிக்குப் பொருள் தெரியும். உலகில் வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் கால்கள் கரையை நோக்கியே இறங்கின. வழுக்கும் கற்களின் மேல், டம்ளரைத் தாண்டி, ஒளிக்கு நேர் எதிரே போய் நின்றாள். அது மூடித் திறந்துகொண்டே இருந்தது. திறக்கும்போது மட்டும்தான் தன் முகம் அங்கே தெரியும் என்று நினைவு வந்தது.

அவள் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள். ஒளி வரும்வரை காத்திருந்து, உதடுகள் நன்றாகத் தெரியும்படி, மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள்.